சம்பள உயர்வுக்குப் பயமா?

"அக்கா, இவருக்கு பிரமோஷன் வந்திருக்கு; வேண்டாம்கிறார். வருமானம் 16 லட்சத்தைத் தாண்டினா மொத்தத்துக்கும் 20 சதவீதம் வரியாமே!" ஒரகடம் கார் தொழிற்சாலை இன்ஜினீயரின் மனைவி, என் எதிர்வீட்டுப் பெண், கண் கலங்கினாள்.

குழாயடியில் வரிசையாக இருந்த குடங்களைக் காட்டினேன். ஒன்று நிரம்பிய பிறகுதானே அடுத்தது? வரியும் அப்படித்தான். 2025-26 புதிய வரிமுறையில் முதல் 4 லட்சத்துக்கு வரி கிடையாது. பிறகு ஒவ்வொரு 4 லட்சத்துக்கும் முறையே 5, 10, 15 சதவீதம். 16 லட்சத்துக்கு மேற்பட்டதற்கு மட்டுமே 20. மொத்தமே 12 லட்சத்துக்குள் என்றால் தள்ளுபடியால் சம்பளத்துக்கு வரியே இல்லை.

"கழிவு போக 15.5 லட்சம் 16.5 ஆனால், கூடுகிற ஒரு லட்சத்துக்கு செஸ் உட்பட 18,200 ரூபாய்தான் வரி. மீதி 81,800 வீட்டுக்கு வருமேடி!"

மறுநாள் கேசரியோடு வந்தாள்: "ஒத்துக்கிட்டார் அக்கா!"

சகோதரிகளே, பென்சிலை எடுத்து நீங்களும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.