குறட்டை விட்டால் நிம்மதியாம்!

போன மாதம் ஒரு கிரகப்பிரவேசம். சாப்பாடு முடிந்த கையோடு அந்த வீட்டு மாப்பிள்ளை சோபாவில் சாய்ந்தார். கண்ணை மூடியதுதான் தாமதம், ஹாலே அதிர்கிற மாதிரி குறட்டை. மாமனாருக்கு முகமெல்லாம் பூரிப்பு. "எங்க மாப்பிள்ளை மனசுல கல்மிஷமே கிடையாதும்மா. படுத்த அடுத்த நிமிஷம் தூங்கிடுவார். குடுத்து வச்ச மனுஷர்" என்றார் என்னிடம். சுற்றியிருந்தவர்களும் ஆமாம் போட்டார்கள். நமக்கெல்லாம் அந்தப் பாக்கியம் எங்கே என்று ஒரு பெரியம்மா பெருமூச்சு வேறு விட்டார்.

அந்த மனிதருக்கு இன்னும் ஐம்பது ஆகவில்லை. பி.பி.க்கு மூன்று மாத்திரை சாப்பிடுகிறார், அப்படியும் அடங்கவில்லை. பட்டப்பகலில், மைக் செட் அலறுகிற வீட்டில், உட்கார்ந்த இடத்தில் தூங்குகிறார். "சித்தப்பா, இவரை டாக்டர்கிட்ட காட்டினீங்களா?" என்றேன். "தூங்குறதுக்கு எதுக்கும்மா டாக்டர்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வார்டில் நைட் டியூட்டி பார்த்தே தலை நரைத்தவள் நான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சத்தம் வந்தால் வேலை நடக்கிறது என்று நம்புவது நம் ஜனங்களின் பழைய வியாதி. கிணற்றில் தண்ணீர் வற்றினாலும் மோட்டார் ஓடும், முன்னைவிட அதிகமாகவே சத்தம் போடும். தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்கின்றன, நாக்கின் அடிப்பகுதி பின்னால் சரிகிறது. குறுகிப்போன வழியில் நுழைகிற காற்று உள்நாக்கை அடித்துக்கொண்டு போகிற ஓசைதான் குறட்டை. சிலருக்கு அந்த வழி முழுசாகவே அடைத்துக்கொள்ளும். நெஞ்சும் வயிறும் எக்கி எக்கி இழுக்கும், காற்று மட்டும் போகாது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும். மூளை பதறி உலுக்கும். ஒரு பெரிய திணறல், ஒரு இழுப்பு, மறுபடி குறட்டை. பத்து வினாடியாவது மூச்சு நின்றால் அது ஒரு கணக்கு. மணிக்கு 5 என்றாலே கவனிக்க வேண்டும். 30 என்றால் கடுமையான ஸ்லீப் ஆப்னியா. ஏழு மணி நேரம் படுத்தால் 210 தடவை. ஒரு ராத்திரியில் 210 தடவை ஒருவர் கழுத்தை நெரித்து நெரித்து விட்டால் அதைக் கொலை முயற்சி என்போம். அவர் தொண்டையே அதைச் செய்தால் கொடுத்து வைத்த மனுஷர்!

இப்படிப் பேசுகிறவர்களிடம் நான் ஒரே ஒரு பெயரைத்தான் சொல்வது வழக்கம். பப்பி லஹிரி. 1982இல் 'டிஸ்கோ டான்சர்' படத்துக்கு இசையமைத்து இந்தியாவையே ஆட வைத்தவர். கழுத்து நிறையத் தங்கச் சங்கிலி, எந்நேரமும் கறுப்புக் கண்ணாடி. பணம், பேர், புகழ், குடும்பம், எதில் குறை? 2022 பிப்ரவரி 15 அன்று மும்பையில் 69 வயதில் இறந்தார். அவருக்கு வைத்தியம் பார்த்த மருத்துவர் சொன்ன காரணங்களில் ஒன்று, தூக்கத்தில் மூச்சு அடைத்துக்கொள்ளும் இதே நோய். மனசில் கல்மிஷம் இருந்ததா இல்லையா என்று அந்த நோய் அவரைக் கேட்கவில்லை.

"எங்க தாத்தா தொண்ணூறு வயசு வரைக்கும் குறட்டை விட்டார்" என்று உடனே ஒருவர் கிளம்புவார். உங்கள் தாத்தா பத்து மைல் நடந்தார், பகலில் முழித்திருந்தார். அவர் விட்ட குறட்டை வெறும் குறட்டையாகவே இருந்திருக்கலாம். அந்த மாதிரிக் குறட்டையும் உண்டு, மறுக்கவில்லை. தாத்தா பிழைத்தார் என்பதற்காக மாப்பிள்ளைக்கும் ஒன்றும் ஆகாது என்றால், பப்பி லஹிரி யாருடைய தாத்தா?

இந்த நோயின் அடையாளங்களுக்கு நாம் வைத்திருக்கிற பெயர்களே வேறு. ராத்திரி மூன்று தடவை ஒன்றுக்குப் போக எழுந்தால் சர்க்கரை என்கிறார்கள், புராஸ்டேட் என்கிறார்கள். காலையில் தலைவலி என்றால் பித்தம். பகலில் ஆபீஸில் தூங்கி விழுந்தால் சோம்பேறி. ஸ்டியரிங்கில் தூங்கிப்போய் லாரிக்குப் பின்னால் கார் சொருகினால் விதி. ஒல்லியானவர்களுக்கு இந்த நோய் வராது என்று ஒரு கிளை மூடநம்பிக்கையும் உண்டு. தாடை சிறுத்து உள்வாங்கியிருந்தால் ஒல்லியானவருக்கும் வரும். குழந்தைகளையும் விடுவதில்லை. டான்சில், அடினாய்டு வீங்கி வாயைத் திறந்தபடி குறட்டை விடுகிற பிள்ளையைப் பார்த்து "எவ்வளவு அழகா தூங்குது" என்று போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிறார்கள். அதே பிள்ளை வகுப்பில் கவனமில்லாமல் உட்கார்ந்திருந்தால் "மந்தம்" என்று டீச்சர் டைரியில் எழுதி அனுப்புகிறார். அதற்கு வல்லாரை மாத்திரை வாங்கிக் கொடுப்பார்கள். தொண்டையை டார்ச் அடித்துப் பார்க்க மட்டும் ஆளில்லை.

குறட்டையை ஆண் விட்டால் கம்பீரம், பெண் விட்டால் மானக்கேடு. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கும் இந்த நோய் கூடுகிறது. ஆனால் எத்தனை பேர் வெளியே சொல்வார்கள்? நம் சினிமா குறட்டைக்கு வைத்திருக்கிற மரியாதை எல்லாருக்கும் தெரியும்: காற்றில் மேலும் கீழும் பறக்கிற ஒரு கோழி இறகு, பின்னணியில் ஒரு பீப்பீ. நியாயமாகப் பார்த்தால் இந்த நோயை முதலில் கண்டுபிடிக்கிறவர் மனைவிதான். "நடுவுல சத்தம் நின்னுடுதுங்க, செத்துட்டாரோன்னு மூக்குல கை வச்சுப் பாப்பேன்" என்று வார்டில் என்னிடம் சொன்ன பெண்கள் நிறையப் பேர். டாக்டர் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. தலையணையை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டார்கள்.

இன்னொரு கூத்து தூக்க மாத்திரை. இரவெல்லாம் மூச்சுத் திணறி அசதியாக எழுகிறவர் மெடிக்கல் ஷாப்பில் போய் "தூக்கம் சரியில்லை" என்கிறார். கிடைப்பது அல்பிரசோலம். அது எச்1 அட்டவணை மருந்து, சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது. எங்கள் தெருக் கடையில் முகம் தெரிந்தால் போதும். அந்த மாத்திரை தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தும், பதறி எழுப்புகிற மூளையையும் மழுங்கடிக்கும். சாராயமும் அதே வேலையைத்தான் செய்கிறது. பப்பி லஹிரிக்கு மும்பையில் பெரிய டாக்டர்கள் இருந்தும் அந்தக் கதி. நமக்கு மெடிக்கல் ஷாப் தம்பி இருக்கிறார், கவலை என்ன?

வெளியாட்களைத் திட்டியது போதும், எங்கள் ஆட்களிடம் வருகிறேன். ஆபரேஷன் முடிந்து வலிக்கு மார்ஃபின் வகை ஊசி போட்ட நோயாளி மல்லாந்து படுத்துக் குறட்டை விடுகிறார். அட்டெண்டர் ஓடி வந்து, "சிஸ்டர், எழுப்பிடாதீங்க, ரெண்டு நாள் கழிச்சு இப்பத்தான் அசந்து தூங்குறார்" என்பார். சிஸ்டரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். விரலில் கிளிப்பை மாட்டிப் பார்த்தால் ஆக்சிஜன் சாச்சுரேஷன் 80க்குக் கீழே கிடக்கும். அந்த ஊசியும் இந்தக் குறட்டையும் சேர்ந்தால் ஆள் காலையில் எழாமலே போகலாம். எழுப்ப வேண்டியவரை இப்படி விட்டுவிடுகிறோம். எழுப்பக் கூடாதவரை மட்டும் விடியற்காலை நாலு மணிக்கு டியூப்லைட்டைப் போட்டு, டெம்பரேச்சர் பார்க்கிறேன், ரத்தம் எடுக்கிறேன் என்று தட்டி எழுப்புகிறோம்.

முதல் தூக்கத்தைக் கலைத்தால் நோயாளிக்கு அப்புறம் தூக்கம் பிடிக்காது என்று 1859இலேயே எழுதினார் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல். சத்தத்துக்கென்றே தனி அத்தியாயம் எழுதியிருக்கிறார். வருஷா வருஷம் மே 12 அன்று அவர் படத்துக்கு முன் மெழுகுவர்த்தி ஏற்றி உறுதிமொழி எடுக்கிறோம், கேக் வெட்டுகிறோம். அந்த அத்தியாயத்தைப் படித்தவர் கையைத் தூக்குங்கள் பார்ப்போம். இரவில் வார்டுக்குள் 30 டெசிபல் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மருந்து டிராலியின் ஒரு சக்கரமே அதைத் தாண்டிவிடும். ஆஸ்பத்திரியைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம் என்று 2000ஆம் வருட விதி இருக்கிறது. ஆடி மாதத்தில் அந்த விதியைக் கூழ் ஊற்றுகிற இடத்தில் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

நர்ஸ் என்ன செய்வாள் என்று கேட்டால், அதிலும் நியாயம் இருக்கிறது. வார்டு முழுக்க ஒரே ஆள். 2015இல் தேர்வு எழுதி, தொகுப்பூதியத்தில் வேலைக்கு வந்து, பணி நிரந்தரம் கேட்டு 2017இல் சென்னை டி.எம்.எஸ். (மருத்துவப் பணிகள் இயக்ககம்) வளாகத்தில் போராட்டத்தில் உட்கார்ந்த நர்ஸ் பெண்களிடம் போய் "நோயாளி தூக்கத்தைக் கவனி" என்றால் அடிக்க வருவார்கள். அவர்கள் தூக்கத்தை யார் கவனித்தார்கள்?

ஆனாலும் சில காரியங்களுக்குக் காசும் வேண்டாம், ஆளும் வேண்டாம். 2008இல் டொராண்டோவில் ஃபிரான்சஸ் சங் என்ற மயக்க மருத்துவர் எட்டுக் கேள்விகளை வெளியிட்டார். குறட்டை சத்தமாக இருக்கிறதா, பகலில் அசதியா, தூக்கத்தில் மூச்சு நின்றதை யாராவது பார்த்தார்களா, பி.பி. உண்டா. மீதி நாலும் எடை, வயது, கழுத்தளவு, ஆணா பெண்ணா. மூன்றுக்கு ஆமாம் என்றால் உஷார். கழுத்தை அளக்க டெய்லர் டேப் போதும், 40 சென்டிமீட்டருக்கு மேல் போகிறதா என்று பார்த்துவிடலாம். வார்டில் சேர்க்கும்போதே கேட்க இரண்டு நிமிடம் ஆகாது. இந்த நோய்க்கு ஸீபாப் என்று மூக்கில் மாட்டுகிற காற்று மெஷின் இருக்கிறது. சிட்னியில் காலின் சல்லிவன் 1981இல் உலகுக்குச் சொன்னது. "மாஸ்க் மாட்டிட்டுத் தூங்கினா ஐ.சி.யு. மாதிரி இருக்கு, அபசகுனம்" என்று அதை அட்டாலியில் ஏற்றிய வீடுகளை எனக்குத் தெரியும்.

எங்கள் நைட் ரிப்போர்ட் புத்தகத்தையும் சொல்லாமல் விட முடியாது. பெட் நம்பருக்கு எதிரே "நோயாளி நன்றாகத் தூங்கினார்" என்று கடைசிப் பக்கம் வரை ஒரே வரி. குறட்டைச் சத்தம் நர்ஸ் மேஜை வரை கேட்டது, அதனால் நன்றாகத் தூங்கினார்! இந்த வழக்கப்படி பப்பி லஹிரி எங்கள் வார்டில் படுத்திருந்தால் அவர் பெயருக்கு எதிரேயும் இதே வரிதான் இருந்திருக்கும். ஜூனியர் பெண்களைத் திட்டித் திட்டி நான் மாற்றச் சொன்னது இவ்வளவுதான்: இத்தனை மணிக்குக் குறட்டை, நடுவில் இவ்வளவு நேரம் சத்தம் நின்றது, சாச்சுரேஷன் இத்தனை, ஒருக்களித்துப் படுக்க வைத்து தலைமாட்டை உயர்த்தினேன், டியூட்டி டாக்டருக்குச் சொன்னேன். நாலு வரி. எழுதினார்கள். காலையில் ரவுண்ட்ஸ் வந்தவர் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு, "என்ன, நல்லா தூங்கினாரா?" என்று நோயாளியின் மனைவியைக் கேட்டார்.