கடைமடைக்கு வந்த இன்டர்நெட்

அண்ணன் பையன் பெங்களூர் எஸ்.பி. ரோட்டுல இருந்து பழைய எக்ஸ்பாக்ஸ் 360 ஒண்ணு வாங்கிட்டு வந்தான். தேன்கனிக்கோட்டை தாண்டி எங்க ஊருக்கு வந்த பிறகுதான் தெரிஞ்சுது, அது 2010க்கு முந்தின மாடல். உள்ளே வைஃபை கிடையாது; கேபிள் சொருகுற துளை மட்டும்தான். எங்க வீட்டுல கேபிள் லைன் ஏது? எல்லாத்துக்கும் செல்போன் ஹாட்ஸ்பாட்தான்.

"சித்தப்பா, அக்காவோட பழைய லேப்டாப் இருக்கில்ல, நான் பாத்துக்கறேன்"னான். பன்னெண்டாவது படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த லேப்டாப் அது.

லேப்டாப் ஹாட்ஸ்பாட்டைப் பிடிச்சுது. அதுல இருந்து பெட்டிக்கு ஒரு லேன் கேபிள். விண்டோஸ்ல வைஃபை கனெக்‌ஷனோட ப்ராப்பர்டீஸ் திறந்து, ஷேரிங்ல ஒரு டிக். லேப்டாப் தனக்கு 192.168.137.1னு ஒரு முகவரி வச்சுக்கிட்டு, பெட்டிக்கு வேறொண்ணு கொடுத்திருச்சு. அடுத்தவர் காட்டு வழியா வாய்க்கா வெட்டி நம்ம வயலுக்குத் தண்ணி கொண்டு வர்ற கதைதான்!

ஆனா கடைமடைக்கு வர்ற தண்ணி எப்படி இருக்கும்? போன் ஒரு மதகு, லேப்டாப் ஒரு மதகு. ஆட்டம் திக்கித் திக்கி ஓடுச்சு. கூட ஆடுறவங்க குரல் வரல. ஒரு அப்டேட்டுக்கே அன்னிக்கு டேட்டா காலி.

'வெட்டி வேலை'ன்னு அண்ணன் திட்டினார். நான் அப்படி நினைக்கல. ரெண்டு ராத்திரியில அவன் கத்துக்கிட்டதை யாரும் அவனுக்குச் சொல்லித் தரல. எனக்கு உறுத்துறது வேற. அந்த லேப்டாப் வாங்கின பொண்ணு இப்போ பெங்களூர்ல பி.ஜி.யில இருக்கா. வீட்டுல இருந்தே வேலை பாக்கலாம்னு கம்பெனி சொல்லுச்சு. இந்த ஹாட்ஸ்பாட்டை நம்பி அவளால முடியல. சம்பளத்துல பாதி வாடகைக்கே போகுது.

ஐபோனுக்கு உறுப்பு செய்யிற ஆலை ஓசூர் பக்கத்துலயே இருக்கு. லேப்டாப் திட்டம் வந்தது 2011ல. கிராம ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழைக் கம்பி போடுற திட்டத்துக்கு ஒப்புதல் கிடைச்சதும் அதே வருஷம்தான். ஆனா அப்போ அதோட இலக்கு ஊராட்சி வரைக்கும்தான் இருந்துச்சு. அங்கிருந்து வீட்டுக்கு வாய்க்கா யார் வெட்டறது?

பட்டணத்துல இருக்கிற நீங்க, 'கிராமத்துலயும்தான் 4ஜி இருக்கே'ன்னு சொல்றீங்க. இருக்கு, குடிக்க ஒரு சொம்பு தண்ணி மாதிரி. வயலுக்குப் பாய்ச்ச அது போதாதுங்க. கரண்டு மாதிரி இதுவும் வீட்டுக்கு வீடு கம்பியில வரணும். வந்தா பையன் விளையாடட்டும், பொண்ணு ஊருக்குத் திரும்பி வரட்டும்.