அழுதவனுக்கு மரண தண்டனை

மூன்றாம் உலகப் போரில் தப்பிப் பிழைத்தவர்கள் ஒரு முடிவுக்கு வருகிறார்கள். போருக்குக் காரணம் பகை, பகைக்குக் காரணம் உணர்ச்சி, ஆகவே மனிதனுக்கு உணர்ச்சியே கூடாது. கர்ட் விம்மர் எழுதி இயக்கி 2002 டிசம்பரில் வெளியான 'ஈக்விலிப்ரியம்' படத்தின் லிப்ரியா அரசு இந்த முடிவின் மேல்தான் நிற்கிறது. குடிமக்கள் எல்லோரும் புரோசியம் என்ற மருந்தை வேளை தவறாமல் ஊசியாகப் போட்டுக்கொள்ள வேண்டும். போடாமல் விட்டவர் உணர்வுக் குற்றவாளி; அவருக்கு மரணம்தான்.

லிப்ரியா அரசு மருந்தை மட்டும் நம்பவில்லை. உணர்ச்சி பொருள்களில் குடியிருக்கிறது என்பது அதற்குத் தெரியும். புத்தகம், இசைத்தட்டு, ஓவியம் எல்லாவற்றையும் தேடி எரிக்கிறது. படத்தின் தொடக்கத்திலேயே மோனாலிசா தீயில் கருகுகிறாள். உணர்ச்சி பொருள்களில் குடியிருக்கும் என்பதைப் புதுக்கோட்டை மாவட்டத்து ஆலங்குடிக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. கீரமங்கலத்தை அடுத்த குளமங்கலத்தில், பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயில் வாசலில் 33 அடி உயரத்தில் ஒரு குதிரை நிற்கிறது. மாசிமகத்தன்று அதன் மேல் ஆயிரக்கணக்கில் காகிதப்பூ மாலைகள் விழும். ஒவ்வொரு மாலையும் ஒரு வீட்டின் நேர்த்திக்கடன்: பிறந்த பிள்ளைக்காக, தேறிய நோய்க்காக, வெளிநாட்டு வேலைக்காக. லிப்ரியாவின் படை இந்தப் பக்கம் வந்தால் முதலில் அந்தக் குதிரையைத்தான் இடிக்கும்.

கதாநாயகன் பிரஸ்டன் அந்தப் படையின் உயர்ந்த அதிகாரி. நடித்தவர் கிறிஸ்டியன் பேல். மனைவி உணர்வுக் குற்றத்துக்காகப் பிடிபட்டுக் கொல்லப்பட்டபோது சும்மா பார்த்துக்கொண்டிருந்தவர். ஒரு நாள் காலை மருந்துக் குப்பி கைதவறி உடைகிறது. படத்தைப் பிரபலமாக்கியவை துப்பாக்கிச் சண்டைகள் என்றாலும், அதன் உண்மையான பலம் இதற்குப் பிறகு வரும் சின்னச் சின்னக் காட்சிகளில் இருக்கிறது. கையுறையைக் கழற்றிவிட்டு மாடிப்படியின் கைப்பிடியைத் தடவிப் பார்க்கிறார் பிரஸ்டன். சன்னலில் ஒட்டியிருந்த தாளைக் கிழித்து விடியலைப் பார்க்கிறார். பறிமுதல் செய்த வீட்டில் பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பனியைக் கேட்டுக் கலங்குகிறார். நாய்களைச் சுட்டுத் தள்ளும் இடத்தில் ஒரு குட்டியை மட்டும் அவரால் விட்டுவிட்டு வர முடியவில்லை.

இந்தக் கற்பனைக்கு முன்னோடிகள் உண்டு. ஜார்ஜ் லூகாஸின் 'டிஎச்எக்ஸ் 1138' (1971) படத்தில் மக்களுக்குப் பெயருக்குப் பதில் எழுத்தும் எண்ணும். அங்கும் மருந்துதான் மனத்தை அடக்குகிறது. அதற்கும் முன்னால் 1965இல் கோதார் எடுத்த 'ஆல்ஃபாவில்' இன்னும் கூர்மையானது. அந்த நகரத்தை ஆள்வது ஒரு கணினி. அகராதியிலிருந்து சொற்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன. நீச்சல் குளத்தின் கரையில் ஒருவனைச் சுட்டுக் கொல்கிறார்கள். மனைவி இறந்தபோது அவன் அழுதான் என்பதே குற்றம்.

சாவு வீட்டில் பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு, செத்தவரின் நல்லது கெட்டதையெல்லாம் ராகம் போட்டுச் சொல்லி ஒப்பாரி வைக்கும் ஊர்களுக்கு அந்தக் காட்சி எவ்வளவு கொடூரமானது என்று தெரியும். இங்கே அழாமல் இருப்பவரைப் பார்த்துத்தான் ஊர் பயப்படும். 'அழுதுரு ஆத்தா' என்று கெஞ்சும். மனிதருக்காக மட்டுமல்ல. 2018 நவம்பர் 16ஆம் தேதி அதிகாலை கஜா புயல் தென்னையையும் பலாவையும் வேரோடு சாய்த்துப் போட்டபோது, பிள்ளையைப் பறிகொடுத்தவர்களைப் போலத் தோப்புகளில் உட்கார்ந்து அழுதவர்கள் இந்த வட்டாரத்தில் ஏராளம்.

தமிழில் இந்த வகைக் கற்பனையை எல்லோரிடமும் கொண்டுசேர்த்தவர் சுஜாதா. ஆனந்த விகடனில் தொடராக வந்து, தூர்தர்ஷன் நாடகமாகவும் ஆன 'என் இனிய இயந்திரா'வில் ஜீவா என்ற சர்வாதிகாரி இந்தியாவை ஆள்கிறான். பெயர்கள் இரண்டு எழுத்துக்கு மிகக் கூடாது, பிள்ளை பெற அரசின் அனுமதி வேண்டும், வயதானவர்களுக்கு வாழ்வு இல்லை. கடைசியில் ஜீவா என்று ஓர் ஆளே இல்லை, வெறும் ஒளிப்பிம்பம் என்று தெரியவருகிறது. ஈக்விலிப்ரியத்திலும் இதேதான்: திரைகளில் பேசும் 'தந்தை' எப்போதோ இறந்துவிட்டார், அவர் பிம்பத்தின் பின்னால் இருந்து ஆள்பவன் மருந்தைத் தொடுவதில்லை. ஊருக்குத் தடை செய்த அழகெல்லாம் அவன் அறையில் இருக்கிறது.

நாய் விஷயத்தில் சுஜாதா வேறு வழியில் போகிறார். இயந்திரமாகிவிட்ட மனிதனை ஈக்விலிப்ரியத்தில் உயிருள்ள குட்டி ஒன்று மீட்கிறது. 'என் இனிய இயந்திரா'விலோ ஜீனோ என்ற இயந்திர நாய் புத்தகம் படித்துப் படித்து மனிதரைப் போல யோசிக்கத் தொடங்குகிறது. சுஜாதா வசனத்தில் பங்களித்து, அவர் மறைவுக்குப் பின் 2010இல் வெளிவந்த ஷங்கரின் 'எந்திரன்' இதே வழியில் நடக்கிறது. சிட்டி என்ற ரோபோ, தீப்பிடித்த கட்டடத்தில் குளித்துக்கொண்டிருந்த பெண்ணை ஆடையில்லாமலே தூக்கிவந்து கூட்டத்தின் நடுவில், கேமராக்களின் முன்னால் நிறுத்துகிறது. உயிரைக் காப்பாற்றத் தெரிந்த அதற்கு மானம் என்றால் என்னவென்று தெரியாது. அவமானம் தாங்காமல் ஓடிய அந்தப் பெண் வாகனத்தில் அடிபட்டுச் சாகிறாள். அதன் பிறகுதான் சிட்டியை உருவாக்கிய விஞ்ஞானி வசீகரன் அதற்கு உணர்ச்சியைக் கற்றுக்கொடுக்க உட்காருகிறார்.