ஸ்டூடண்ட் வீடியோவை ஃபார்வர்டு பண்றீங்களா? சிதம்பரம் சம்பவம் சொல்வது என்ன?

சிதம்பரம் பேருந்து நிழற்குடையில் பள்ளி மாணவிக்கு பாலிடெக்னிக் மாணவர் தாலி கட்டும் வீடியோ 2022 அக்டோபரில் வைரலானது. இருவருக்குமே 18 வயது ஆகவில்லை. மாணவர் மீது வழக்கு பாய்ந்தது. வீடியோவை சமூக வலைதளத்தில் பரப்பிய நபரும் கைதானார்.

சட்டம் என்ன சொல்லுது?

வழக்கில் சிக்கிய அல்லது பாதிக்கப்பட்ட சிறாரின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்கிறது 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவு. மீறினால் 6 மாதம் வரை சிறை அல்லது ரூ.2 லட்சம் வரை அபராதம். இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம்.

யார் எடுத்துச் சொல்வது?

வீட்டில் போனைப் பிடுங்கினால், நண்பன் போனில் லாக்-இன் செய்துவிடுவார்கள். கடலூரோ சிதம்பரமோ, எல்லா ஊரிலும் இதே கதைதான். அதனால் அவர்கள் நம்பிப் பேசும் ஆசிரியர், விளையாட்டுப் பயிற்சியாளர், கல்லூரி சீனியர் ஆகியோரின் பங்கு முக்கியம்.

என்ன செய்யலாம்?

* இன்ஸ்டாகிராமின் 'டீன் அக்கவுண்ட்' 2025 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தது. இதில் கணக்கு தானாகவே பிரைவேட் ஆகிவிடும். 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் கட்டுப்பாட்டைத் தளர்த்த பெற்றோர் அனுமதி தேவை. ஆனால், பொய்யான வயது கொடுத்திருந்தால் பலனில்லை. முதலில் அதைத் திருத்த வையுங்கள்.

* 'வீடியோவில் இருப்பவரிடம் கேட்டியா?' என்ற கேள்வியைப் பழக்கமாக்குங்கள்.

* வீடியோ பரவிவிட்டால் முதலில் திட்டாதீர்கள். லிங்க்கைக் குறித்துக்கொண்டு, சேர்ந்தே ரிப்போர்ட் செய்யுங்கள். உதவிக்கு 1098-ஐ அழைக்கலாம்.

திட்டு விழும் என்ற பயம் இருந்தால் பிள்ளைகள் மறைப்பார்கள். அந்த நேரத்தில் வீடியோ இன்னும் நூறு போனுக்குப் போய்விடும்.