யார் செய்த சிறுதேர்?

அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்து மன்ஹாட்டன் பீச்சில், சாரணர் இயக்கத்தின் குருளையர் படைத் தலைவர் டான் மர்பி 1953ஆம் ஆண்டில் ஒரு புதிய பந்தயத்தைத் தொடங்கினார். சிறுவர் தாமே ஏறி ஓட்டும் வண்டிப் பந்தயத்திற்குரிய வயதை அவர்தம் மகன் எய்தவில்லை. எனவே, பெற்றோரும் பிள்ளையும் கூடிச் செய்யும் சிறு மர வண்டிகளுக்கெனப் போட்டி வகுத்தார். ஒரு பைன் மரக்கட்டை, 4 சக்கரங்கள், 5 அவுன்சுக்கு மிகாத எடை, இவையே தேவை. பொறியின்றி, சரிவில் புவியீர்ப்பால் ஓடும்.

இன்றும் நிகழும் இப்போட்டியில், வெற்றி வேட்கையால் வண்டி முழுவதையும் தாமே செய்துவிடும் தந்தையர் உளர். மகனோ பார்வையாளனாகிறான். இஃது அன்பன்று, பறிப்பு. கூரிய கருவியால் அறுப்பதைத் தந்தை செய்யலாம். உப்புத்தாளால் தேய்ப்பதும், வண்ணம் பூசுவதும், சக்கரம் பொருத்துவதும் பிள்ளைக்கே உரியவை. கோணல் வண்டி பந்தயத்தில் பிந்தலாம். அதனைச் செய்த கை வாழ்வில் பிந்தாது.