பாட்டனார் சலுகை

வோட்டுரிமையைப் பறிக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று துப்பாக்கி, மற்றொன்று சட்டப் புத்தகம். அமெரிக்காவில் வட கரோலினா ராஜ்யத்து வெள்ளை ஆதிக்கவாதிகள் இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கையாண்டனர். அந்த வரலாற்றை நேயர்கள் அறிந்திருத்தல் நலம்.

அந்த ராஜ்யத்தின் வில்மிங்டன் நகரில் அக்காலத்தில் கறுப்பு இனத்தாரே அதிகமாயிருந்தனர். 1870-ல் நிறைவேறிய பதினைந்தாவது அரசியல் திருத்தம் அவர்களுடைய வோட்டுக்குக் காப்பளித்திருந்தது. இரு இனத்தாரும் கலந்த நகர சபை நடந்து வந்தது. இதைப் பொறாத ஆதிக்கவாதிகள், 1898 நவம்பர் தேர்தலில் செஞ்சட்டைக்காரரை ஏவிப் பயமுறுத்தி, ராஜ்ய சட்டசபையைக் கைப்பற்றினர். நகர சபைக்கோ அப்போது தேர்தலே இல்லை. காத்திருக்க அவர்களுக்குப் பொறுமை ஏது? நவம்பர் 10-ந் தேதி ஆயுதந் தாங்கிய கூட்டம் புறப்பட்டது. அலெக்ஸாண்டர் மான்லி என்னும் கறுப்பர் நடத்திய 'டெய்லி ரிக்கார்டு' பத்திரிகையின் காரியாலயம் தீக்கிரையாயிற்று. கறுப்பர் பலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். மாண்டவர் தொகை இன்றளவும் நிச்சயமாகவில்லை. நகர சபையார் துப்பாக்கி முனையில் ராஜிநாமாச் செய்தனர். கூட்டத்தின் தலைவரான ஆல்பிரட் வாடெல் அன்றே மேயரானார். ஜனாதிபதி மக்கின்லி தலையிடவில்லை.

துப்பாக்கியைத் தினந்தோறும் தூக்கிக்கொண்டிருக்க முடியாதல்லவா? ஆகவே 1900-ல் சட்டம் வந்தது. வோட்டுப் போடுகிறவர் தலைவரி செலுத்த வேண்டும். அரசியல் சட்டத்தின் எப்பகுதியையும் வாசிக்கவும் எழுதவும் வல்லவராதல் வேண்டும். அப்படியானால் எழுத்தறியாத வெள்ளையர் கதி? 1867 ஜனவரி முதல் தேதியிலோ அதற்கு முன்போ தாமாவது தம் முன்னோராவது வோட்டுரிமை பெற்றிருந்தால் வாசிப்புப் பரீட்சை வேண்டாம் என்று விலக்களித்தனர். அந்தத் தேதியில் கறுப்பருக்கு வோட்டு ஏது? அவர்களில் பெரும்பாலோரின் பாட்டனார் அடிமைகள் அல்லவா?

எழுத்தைக் கற்பித்துப் பிழைக்கும் நமக்கு இதுவே நெஞ்சை அறுக்கிறது. அடிமைக்கு எழுத்துக் கற்பிப்பது குற்றமென்று 1830-ல் சட்டஞ் செய்ததும் இதே ராஜ்யந்தான். படிக்கவொட்டாமல் தடுத்துவிட்டுப் பின்னர், படிக்கவில்லையென்று வோட்டைப் பறித்தார்கள்! கல்வி கதவைத் திறக்கும் சாவி என்று மாணவருக்குச் சொல்லி வருகிறோம். அதே சாவியைக் கொண்டு கதவைப் பூட்டவும் மனிதர் கற்றிருக்கிறார்கள்.

அமெரிக்கக் காங்கிரஸில் எஞ்சியிருந்த ஒரே கறுப்பரான ஜார்ஜ் ஹென்றி ஒயிட் 1901-ல் விடைபெற்றார். 1929 வரையில் வேறொருவர் அங்கே நுழையவில்லை. பாட்டனார் சலுகை செல்லாதென்று உயர்தர நீதிமன்றம் 1915-ல் தீர்ப்பளித்தது; வாசிப்புப் பரீட்சைகளை ஒடுக்கவோ 1965-ம் வருஷச் சட்டம் வரவேண்டியிருந்தது.

எல்லோருக்கும் பொது என்று ஒரு விதி வரும்போது, அதில் விலக்கு யாருக்கு என்று முதலில் பார்ப்போமாக.