தலைவரின் கைபேசி எண்

2020 நவம்பரில் கமலா ஹாரிஸ் வென்ற செய்தி வந்தபோது, துளசேந்திரபுரத்து வாசல்களில் போட்ட கோலங்களின் படங்கள் எங்கள் நகரத் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுவை நிறைத்தன. நானும் நாலு பேருக்கு அனுப்பினேன். தாத்தா கோபாலனின் ஊர், அம்மா சியாமளா, மேடையில் அவர் சொன்ன ‘சித்தி’ என்ற சொல் என்று நாள்கணக்கில் பேசினோம். அவர் எந்த வழியாக அங்கே போய்ச் சேர்ந்தார் என்று ஒருவரும் பேசவில்லை.

வழி இதுதான். 2003இல் சான் பிரான்சிஸ்கோவில், பதவியில் இருந்தவரைத் தோற்கடித்து மாவட்ட அரசு வழக்கறிஞர் ஆனார். 2010இல் கலிபோர்னியாவின் அட்டர்னி ஜெனரல் பதவிக்கு மயிரிழையில் வென்றார். 2014இல் மறுபடியும் வென்று, 2016இல் செனட்டுக்குப் போனார். அவர் கொள்கைகள்மீது விமர்சனம் உண்டு, எனக்கும் உண்டு. ஆனால் நகரத்தில் வேலை பார்த்த பெண் மாநிலத்துக்கு ஏற அங்கே ஒரு படி இருந்தது.

அந்தப் படி நம் ஊரில் இருக்கிறதா?

தமிழ்நாட்டில் 1996 உள்ளாட்சித் தேர்தலிலேயே மூன்றில் ஒரு பங்கு இடங்கள் பெண்களுக்கு வந்துவிட்டன. 2016இல் சட்டம் அதைப் பாதியாக்கியது. ஆனால் 2021 சட்டமன்றத் தேர்தலில் 234 பேரில் வென்ற பெண்கள் 12 பேர். ஊராட்சியில் பாதி, கோட்டையில் இருபதில் ஒன்று. நடுவில் ஆயிரக்கணக்கான பெண்கள் எங்கே போனார்கள்?

“அவங்கெல்லாம் ரப்பர் ஸ்டாம்பு, புருஷன்தான் எல்லாம்” என்பது நம் கூட்டங்களில் கிடைக்கும் உடனடிப் பதில். ரப்பர் ஸ்டாம்பை யாரும் அரிவாளால் வெட்டுவதில்லை. மதுரை வில்லாபுரத்தில் குடிநீருக்காகப் போராடிய மாமன்ற உறுப்பினர் லீலாவதி, வென்ற மறு ஆண்டே, 1997இல் வெட்டிக் கொல்லப்பட்டார். தாழையூத்து ஊராட்சித் தலைவர் கிருஷ்ணவேணி, அருந்ததியர் பெண், பெண்களுக்குக் கழிப்பறை கட்ட முயன்றவர். 2011இல் வெட்டப்பட்டு உயிர் பிழைத்தார். குற்றவாளிகளுக்குத் தண்டனை கிடைக்க 13 ஆண்டுகள் ஆயின. வேலை செய்ததற்காகத்தான் இவர்கள் வெட்டுப்பட்டார்கள்.

குறை திறமையில் இல்லை, பட்டியலில் இருக்கிறது. உள்ளாட்சியோடு ஒதுக்கீடு நின்றுவிடுகிறது. சுழற்சியில் வார்டு பொதுவானதும் அவர் வீட்டுக்கு அனுப்பப்படுகிறார். சட்டமன்ற வேட்பாளரைத் தீர்மானிப்பது கட்சித் தலைமையும் பணமும். பாதிப் பெண்களை நிறுத்த முடியாதா? 2021இல் நாம் தமிழர் கட்சி 117 பெண்களை நிறுத்தியது. ஒருவரும் வெல்லவில்லை. ஆனால் ஆள் கிடைக்கவில்லை என்ற சாக்கு அன்றே செத்துவிட்டது. வெல்லக்கூடிய கட்சிகள் வெல்லக்கூடிய தொகுதிகளைத் தருவதில்லை, அவ்வளவுதான். 2023இல் நிறைவேறிய மகளிர் ஒதுக்கீட்டுச் சட்டமோ மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும் தொகுதி மறுவரையறைக்கும் பின்னால் போய் நிற்கும்படி எழுதப்பட்டது.

கட்சிகளைத் திட்டுவது சுலபம். என் பங்கைச் சொல்கிறேன்.

2022இல் எங்கள் ஊர்ப் பள்ளிக்குக் குடிநீர் சுத்திகரிப்புக் கருவி வாங்க நண்பர்கள் ஆறு பேர் பணம் போட்டோம். ஊராட்சித் தலைவர் ஒரு பெண். அனுமதி, இடம், மின் இணைப்பு என எட்டு மாதம் நான் பேசியதெல்லாம் அவர் கணவரிடம். அவர் எண்ணைத்தான் என் கைபேசியில் ‘தலைவர்’ என்று சேமித்திருந்தேன். திறப்பு விழாப் படத்தில் மாலையோடு நடுவில் நிற்பவர் கணவர். ஓட்டு வாங்கியவர் ஓரத்தில். அந்தப் படத்தையும் நான்கு பேருக்குப் பெருமையாக அனுப்பினேன். பெண்ணுரிமை பற்றி இதே மாதிரி இதழ்களில் எழுதுகிறவன் நான்.

பினாமி அரசியல் என்று நாம் கேலி செய்கிறோமே, அதற்கு வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புகிறவர்களும் நாம்தான். சங்க ஆண்டு விழாவுக்கு அமைச்சரையும் நடிகரையும் விமானச் சீட்டு அனுப்பி அழைக்கிறோம். ஓர் ஊராட்சித் தலைவியை ஒருமுறையாவது அழைத்திருக்கிறோமா? நிதி அனுப்பினால் தேர்ந்தெடுக்கப்பட்டவரிடம் மட்டுமே பேசுவோம் என்று ஒரு விதி வைப்பது அவ்வளவு கடினமா?

கருவி பழுதானபோதுதான் அவர் எண்ணைக் கேட்டு வாங்கிப் பேசினேன். “ஃபில்டர் மாத்த வருஷத்துக்கு எவ்வளவு ஆகும், அத யார் குடுக்கிறதுன்னு முதல்லயே பேசியிருக்கலாமே தம்பி” என்றார்.

எட்டு மாதத்தில் நானும் அவர் கணவரும் ஒருமுறைகூட யோசிக்காத விஷயம் அது.